மோட்டார் சைக்கிளின் சங்கிலி: பராமரிப்பும் மாற்றுதலும்

நாட்டுப்புறத்துக் குடியானவர்களின் அன்றாட வேலைகளில் மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் தற்காலத்தில் பெற்றிருக்கும் இடம் பெரிது. விடியற்காலையில் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டு சேர்த்தல், காய்கறிகளை உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்லுதல், உர மூட்டையும் விதையும் வாங்கி வருதல், தொலைவிலுள்ள வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லுதல் முதலிய காரியங்கள் பெரும்பாலும் இவ்வண்டிகளைக் கொண்டே நடைபெறுகின்றன. வண்டி வழியில் நின்றுவிட்டால் சங்கத்தில் பால் அளக்கும் வேளை தவறிப்போகும். பறித்த கீரை சந்தையைக் காணாமலே வாடிவிடும்.

எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதிலும் டயருக்குக் காற்றடிப்பதிலும் கவனமாயிருப்போர் கூடச் சங்கிலியை மறந்துவிடுவதுண்டு. அது உறைக்குள் மறைந்து கிடப்பது இதற்கு ஒரு காரணம். தொய்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் மற்றொரு காரணம். உண்மையில் சங்கிலியின் ஆயுளைத் தீர்மானிப்பன இரண்டே: அதன் மூட்டுக்களுக்குள் மண் புகாதிருத்தலும், எண்ணெய் நீங்காதிருத்தலும். இவ்விரண்டையும் பேணுவதற்குச் சிறிது மண்ணெண்ணெயும், சிறிது கியர் எண்ணெயும், அரை மணி நேரமும் போதும். பேணாது விட்டால் சங்கிலி மட்டுமன்றி, அதனோடு சேர்ந்த இரு பல் சக்கரங்களும் காலத்துக்கு முன்னரே கெட்டு வீண் செலவு நேரிடும்.

சங்கிலியின் அமைப்பு

காளைகளின் இழுவிசையைக் கலப்பைக்குக் கொண்டு செல்வன நுகத்தடியும் ஏர்க்காலும் ஆவது போல, எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்வது சங்கிலியாகும். ஆதியில் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் தோல்வார் இவ்வேலையைச் செய்து வந்தது. மழையில் நனைந்தால் அவ்வார் வழுக்கும். மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். பின்னர்ச் சங்கிலி அதன் இடத்தைப் பெற்றது. புஷ்ஷும் உருளையும் கொண்ட சங்கிலிக்கு 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் காப்புரிமை பெற்றார். அவ்வமைப்பே சிற்சில திருத்தங்களுடன் இன்றும் வழங்கி வருகின்றது.

இச்சங்கிலியில் அகக்கண்ணி, புறக்கண்ணி என இருவகைக் கண்ணிகள் மாறிமாறி வரும். அகக்கண்ணியின் இரண்டு தகடுகளையும் இரண்டு சிறு குழல்கள் இணைக்கின்றன. இவையே புஷ் எனப்படுவன. ஒவ்வொரு புஷ்ஷின் மீதும் ஓர் உருளை தளர்வாய்ச் சுழலும். புறக்கண்ணியின் தகடுகளை இணைக்கும் ஆணிகள் புஷ்ஷின் உள்ளே புகுந்து நிற்கும். பட்டறைகளில் ஸ்பிராக்கெட் என வழங்கும் பல் சக்கரத்தின் பல்லில் படுவது உருளை. சங்கிலி வளையும்போதெல்லாம் ஒன்றோடொன்று உராய்வன ஆணியும் புஷ்ஷுமாகும். வெளிப்பார்வைக்குத் தெரியாத இவ்விடமே சங்கிலியின் உயிர்நிலை.

சங்கிலியின் தகட்டில் 428, 520 போன்ற எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் இலக்கம், ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரையுள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 428 எனில் எட்டில் நான்கு பங்கு, அதாவது அரை அங்குலம் அல்லது 12.7 மில்லிமீட்டர். 520 எனில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 15.875 மில்லிமீட்டர். ஏனைய இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிப்பன. சிறு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் 428 எண்ணுள்ள சங்கிலியே பூட்டப்பெற்றிருக்கும்.

சங்கிலி நீளுவது ஏன்?

முன் பல் சக்கரத்தில் 14 பற்களும், பின் பல் சக்கரத்தில் 42 பற்களும், சங்கிலியில் 112 கண்ணிகளும் உள்ள வண்டியொன்றை உதாரணமாகக் கொள்க. பின்சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டராயின், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அச்சக்கரம் ஏறத்தாழ 526 முறை சுழலும். சங்கிலி ஏறத்தாழ 197 முறை முழுச்சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் இரு பல் சக்கரங்களிலும் ஏறும்போது வளைந்து, இறங்கும்போது நிமிர்ந்து, ஆக நான்கு முறை அசைகின்றது. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஒரு மூட்டு 15,000 முறைக்கு மேல் அசைய வேண்டியிருக்கின்றது. இத்தனை அசைவையும் தாங்குவது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையேயுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே.

எண்ணெய் வற்றினால் இரும்போடு இரும்பு உராயும். எண்ணெயில் மண் கலந்தாலோ கேடு இன்னும் அதிகம். எண்ணெயும் நுண்மணலும் சேர்ந்த குழம்பு, சாணைக்கல்லின் பொடியைப் போல உலோகத்தை அராவிவிடும். கோடையில் புழுதி பறக்கும் செம்மண் பாதையும், மழைக்காலத்தில் சக்கரத்தோடு அப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணும், நடவு காலத்தில் வரப்போரத்துச் சேறும் இக்கேட்டுக்கு இடந்தருவன. கடலோரச் சிற்றூர்களில் உப்புக் காற்றினால் துருவும் சேரும்.

சங்கிலி நீண்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. தகடுகள் இழுபட்டு நீளுவதன்று இது. ஆணியும் புஷ்ஷும் தேய்வதால் ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி உண்டாகின்றது. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் 112 மூட்டுக்களிலும் அவ்வளவு தேய்ந்தால் சங்கிலி 11 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும்.

இங்ஙனம் நீண்ட சங்கிலியின் உருளைகள் பல்லின் அடிக்குழியில் அமராமல் மேலேறி நிற்கும். பல பற்கள் பகிர்ந்து தாங்க வேண்டிய பாரம் சில பற்களின் மீதே விழும். அதனால் பற்கள் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு அரிவாள் நுனி போல் வளையும். மேற்கண்ட உதாரணத்தில் பின் பல் சக்கரம் ஒரு முறை சுழல்வதற்குள் முன்னது மூன்று முறை சுழல்கின்றமையால், முன் பல் சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு வேலை செய்கின்றது. ஆகையால் முன்னதே முதலில் தேயும்.

தேய்வை அறியும் முறை

சங்கிலி தொய்ந்திருப்பதை மட்டும் கொண்டு அது தேய்ந்ததென்று முடிவு செய்தலாகாது. பின்வரும் மூன்று சோதனைகளையும் செய்து பார்த்தல் நலம்.

முதலாவது, பின் பல் சக்கரத்தின் பின்புறக் கோடியில் சங்கிலியைக் கையால் பற்றி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சங்கிலி அசையாது. பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரியுமளவு அது விலகுமாயின் தேய்வு முற்றிவிட்டதென அறியலாம்.

இரண்டாவது, அளவுகோலால் அளத்தல். சங்கிலியைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்திலிருந்து எண்ணத் தொடங்கி 21ஆம் ஆணியின் மையம் வரை அளக்க வேண்டும். இதில் 20 கண்ணிகள் அடங்கும். 428 எண்ணுள்ள புதுச் சங்கிலியில் இது 254 மில்லிமீட்டர் இருக்கும். 259 மில்லிமீட்டரை எட்டியதேல் நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டதாகும். அச்சங்கிலியை மாற்றிவிட வேண்டும். வண்டியோடு தரப்பட்ட கைப்புத்தகத்தில் இதனினும் குறைந்த எல்லை கூறியிருப்பின் அதனையே கொள்க. சங்கிலி எங்கும் ஒரே சீராய்த் தேய்வதில்லையாதலால் மூன்று நான்கு இடங்களில் அளந்து பார்த்தல் உசிதம்.

மூன்றாவது, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக் கண்ணிகளைக் கவனித்தல். வளைந்தபின் நிமிராமல் இறுகி நிற்கும் கண்ணி, வெடித்த உருளை, துருவேறிய ஆணி ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் அச்சங்கிலியை நம்பலாகாது.

சுத்தம் செய்தல்

சங்கிலியில் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கொண்டே துணியால் சங்கிலியைத் துடைப்பது மிகவும் அபாயகரமான வழக்கம். துணி பல்லில் சிக்கினால் விரலும் உடன் செல்லும். அதனைத் தடுக்க அவகாசம் கிடைக்காது. சிறுவர்களை இவ்வேலைக்கு ஏவுதல் கூடாது.

சங்கிலி உறையின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, அடியில் பழைய தட்டு ஒன்றை வைத்து, மயிர்ப் புருசை மண்ணெண்ணெயில் தோய்த்து நான்கு புறமும் தேய்க்க வேண்டும். பெட்ரோலை இதற்கு உபயோகிக்கலாகாது. அது எளிதில் தீப்பற்றும். சிலவகைச் சங்கிலிகளில் மூட்டுக்குள் மசகு நிற்பதற்காக வைக்கப்பட்டிருக்கும் ரப்பர் வளையங்களையும் கெடுக்கும். கம்பிப் புருசும் அவ்வளையங்களைக் கிழித்துவிடும். மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக்கிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுக்கு நீங்கியபின் உலர்ந்த துணியால் துடைத்துச் சிறிது நேரம் காயவிட வேண்டும். தட்டில் சேர்ந்த கழிவை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் தகாது. தெளியவைத்து மேலாக இறுத்துக்கொண்டால் அடுத்த முறை முதற்கழுவலுக்கு அது உதவும்.

பம்புசெட்டுத் தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சி வண்டியைக் கழுவும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வேகத்தில் நீரும் நுண்மணலும் மூட்டுக்குள் புகும். ஆகையால் சங்கிலியின் மேல் நேராகப் பீய்ச்சாதிருத்தல் நன்று. கழுவிய தினமே சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடுதலும் வேண்டும்.

எண்ணெயிடுதல்

சங்கிலிக்கு ஏற்றது எஸ்.ஏ.இ. 90 தரமுள்ள கியர் எண்ணெய், அல்லது சங்கிலிக்கென்றே விற்கப்படும் மசகு. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றலாம். அதில் கரியும் உலோகத் துகளும் கலந்திருப்பதால், காக்க வேண்டிய மூட்டையே அது தேய்த்துவிடும். கிரீசை வெளியே அப்புவதும் பயனற்றது. கெட்டியான கிரீசு ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையே சென்று சேராது. வெளியே நின்று புழுதியைத் திரட்டுவதே அதன் வேலையாகும்.

எண்ணெயைச் சங்கிலியின் உட்புறத்தில், அதாவது பல் சக்கரத்தைத் தொடும் பக்கத்தில், கீழ்ச்சரத்தின் மேலே தகடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் சொட்டுச் சொட்டாய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். வண்டி ஓடும்போது சங்கிலி சுழலும் வேகத்தில் எண்ணெய் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளப்படுமாதலால், உட்புறத்தில் விட்டது மூட்டுக்குள் பரவும். வெளிப்புறத்தில் விட்டது சிதறிப்போகும். மாலையில் வண்டி ஓடி வந்து சங்கிலி இளஞ்சூடாயிருக்கும்போது இதனைச் செய்தால், இரவு முழுதும் எண்ணெய் ஊறி உட்செல்ல அவகாசம் கிடைக்கும். காலையில் புறப்படுமுன் மேலே வழிந்து நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். ரப்பர் வளையமுள்ள சங்கிலிக்கும் எண்ணெய் தேவையே. உருளைகள் எளிதாய்ச் சுழலவும், வளையங்கள் காயாதிருக்கவும் அது உதவுகின்றது.

நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு 500 முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயிடுவது பொது விதி. சேற்றிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை வேண்டும். மழையில் முற்றும் நனைந்தால் அன்று மாலையே இட வேண்டும்.

தொய்வைச் சரிசெய்தல்

பின்சக்கரத்தைத் தாங்கும் கவட்டுச் சட்டம், பாரத்துக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப மேலும் கீழும் அசையும். அவ்வசைவில் இரு பல் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் மாறுகின்றமையால், சங்கிலிக்குச் சிறிது தொய்வு அவசியம். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு, கீழ்ச்சரத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைவு இருக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவும், அளக்கும்போது வண்டியை நிறுத்த வேண்டிய நிலையும் கைப்புத்தகத்தில் கண்டபடியே இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, சங்கிலி மிக இறுகி நிற்கும் இடத்தில் இவ்வளவைக் கொள்ளுதல் முறை.

சங்கிலி அளவுக்கு மேல் இறுகினால் கியர்ப் பெட்டியின் பேரிங்கு கெடும். ஆணிகளும் விரைவில் தேயும். பின்புறம் இரண்டு பால் கேன்களோ உர மூட்டையோ ஏற்றும் வண்டியில் இதனை விசேஷமாய்க் கவனித்தல் வேண்டும். வெறும் வண்டியில் இறுக்கமாய்க் கட்டிய சங்கிலி, பாரம் ஏறியவுடன் வில்லின் நாண் போல் விறைத்துவிடும். சரிசெய்தபின் வழக்கமான பாரத்தை ஏற்றி, அப்பொழுதும் சிறிது தொய்வு எஞ்சியிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க. அளவுக்கு மேல் தொய்ந்த சங்கிலியோ பல்லை விட்டுக் கழன்று, பின்சக்கரத்தை ஓட்டத்திலேயே பிடித்து நிறுத்தி, வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும்.

தொய்வைக் குறைப்பதற்குப் பின்சக்கரத்து அச்சின் மரையைத் தளர்த்தி, இரு பக்கத்துத் திருகுகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இருபுறமும் உள்ள கோடுகளில் அச்சு ஒரே குறியில் நிற்றல் வேண்டும். இன்றேல் சக்கரம் கோணி, பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேயும். மரையை முறைப்படி முறுக்கியபின், பிளவாணி இருப்பின் புதிதாய் மாட்டுக. இதன்பின் மறவாது செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. சக்கரம் பின்னுக்கு நகர்ந்தமையால் பின் பிரேக்கின் கம்பி இழுபட்டிருக்கும். பிரேக்கு மிதியின் தளர்ச்சியைச் சரிபார்த்து, சக்கரம் தடையின்றிச் சுழல்கின்றதா, மிதித்தால் உடனே நிற்கின்றதா என்று சோதித்த பின்னரே சாலையில் செல்ல வேண்டும்.

மாற்ற வேண்டிய காலத்தில்

நீண்டுவிட்ட சங்கிலியில் இரண்டு கண்ணிகளை வெட்டிக் குறுக்கிப் பூட்டுவது சிலவிடங்களில் வழக்கம். இதனால் தொய்வு மறையுமேயன்றித் தேய்வு மறையாது. எஞ்சிய ஒவ்வொரு மூட்டிலும் இடைவெளி இருந்தபடியே இருக்கும். பற்கள் மேலும் அரிபடும்.

புதுச் சங்கிலியைப் பழைய பல் சக்கரங்களின் மேல் பூட்டுவதும் அத்தகையதே. பழைய பற்கள் நீண்ட சங்கிலிக்கு ஏற்பத் தேய்ந்து உருமாறியிருக்கும். அவற்றில் புதுச் சங்கிலி ஒழுங்காய் அமராமல், பழையதைக் காட்டிலும் விரைவில் கெடும். சங்கிலியையும் இரு பல் சக்கரங்களையும் ஒருங்கே மாற்றுவதே முடிவில் சிக்கனமாகும். கடைகளில் செயின் ஸ்பிராக்கெட் செட் என்று இம்மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. வாங்கச் செல்லுமுன் பழைய சங்கிலியின் எண்ணையும், கண்ணிகளின் தொகையையும், இரு சக்கரங்களின் பற்களையும் எண்ணிக் குறித்துக்கொள்க. பற்களின் தொகையை மாற்றலாகாது. முன் சக்கரத்தில் ஒரு பல் கூடினும், பாரம் இழுக்கும் வலிமை குறையும்.

பூட்டும் முறை

பழைய சங்கிலியைக் கழற்றுமுன், பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன் பல் சக்கரத்தின் திருகுகளைத் தளர்த்திவிட்டால் வேலை எளிதாகும். பின்சக்கரத்தைக் கழற்றியபோது, அதன் உள்ளேயுள்ள ரப்பர்த் துண்டுகளையும் பார்க்க வேண்டும். அவை நைந்திருந்தால் கியர் மாற்றுந்தோறும் உண்டாகும் அதிர்ச்சி முழுதும் சங்கிலியில் விழும். பின் பல் சக்கரத்தின் மரைகளை ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிராய், சிறிது சிறிதாக முறுக்குதல் வேண்டும்.

புதுச் சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் சிறு பூட்டுத் தகடு ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் இதனை லாக்கு என்பர். அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். மேற்சரத்தில் சங்கிலி பின்னிருந்து முன்னோக்கிச் செல்வதால், அங்கே மூடிய முனை வண்டியின் முன்பக்கம் இருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால், ஏதேனும் தட்டிய மாத்திரத்தில் பூட்டு நழுவிச் சங்கிலி அறுந்ததற்குச் சமமாகும். ஒரு முறை கழற்றிய பூட்டுத் தகட்டை மீண்டும் உபயோகிக்காமல் புதியதை இடுக. பெரிய வண்டிகளில் பூட்டுத் தகட்டுக்குப் பதிலாக ஆணியின் தலையை நசுக்கி இறுக்கும் இணைப்பு உண்டு. அதற்குத் தனிக் கருவி வேண்டுமாதலால் பட்டறையிலேயே செய்வித்தல் தக்கது.

புதுச் சங்கிலி முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் சிறிது தளரும். ஆகவே அக்காலத்தில் ஒரு முறை தொய்வைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வேலை முடிந்தபின் சங்கிலி உறையை மறவாது பூட்டுக. அது புழுதியைத் தடுப்பதோடு, பின்னால் அமர்ந்து வரும் பெண்டிரின் சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் சங்கிலியில் சிக்காமல் காக்கின்றது.

இங்கே கூறியவை மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியன அல்ல. கதிரடிக்கும் இயந்திரம், அறுவடை இயந்திரம் முதலியவற்றில் திறந்தவெளியில் ஓடும் உருளைச் சங்கிலிகளும் இவ்விதமே தேய்கின்றன. வைக்கோல் தூசியும் மண்ணும் அவற்றுக்கும் பகையே. பருவத்து வேலை தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டிலுள்ள வண்டி, இயந்திரம் அனைத்தின் சங்கிலிகளையும் அளந்து, துடைத்து, எண்ணெயிட்டு வைக்கும் குடியானவருக்கு, அறுவடை மும்முரத்தில் பட்டறை வாசலில் காத்து நிற்கும் தொல்லை பெரிதும் குறையும்.